பலவீனமான ஆட்டக்காரரிடம் தோற்கும்போது நிதானம் காப்பது எப்படி? போக்கர் மேசைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போக்கர் கற்கத் தொடங்கும் எவரும் சில வாரங்களிலேயே ஒரு கசப்பைச் சந்தித்துவிடுகிறார்கள். எந்தச் சீட்டுகளை ஆடலாம், எவற்றை ஃபோல்டு செய்ய (ஆடாமல் விட்டு விலக) வேண்டும் என்று படித்துப் பழகி, மணிக்கணக்கில் பொறுமையாகக் காத்திருந்து, நல்ல கை வந்ததும் முறையாகப் பணம் கட்டுகிறார்கள்; எதிரே, கையில் எது வந்தாலும் பணம் கட்டிக்கொண்டே இருக்கும் ஒருவர் கடைசிச் சீட்டில் இரண்டு ஜோடி சேர்த்து மொத்தத் தொகையையும் அள்ளிக்கொண்டு போகிறார். அந்த ஒரு தோல்வியால் பெரிய நஷ்டம் வருவதில்லை. அதற்கு அடுத்த அரை மணி நேரத்தில் கோபத்தோடு ஆடும் ஆட்டத்தில்தான் பணம் கரைகிறது. போக்கர் ஆடுபவர்கள் 'டில்ட்' என்று சொல்லும் அந்த நிலைக்குப் போகாமல் இருக்க, மேசையில் உட்காருவதற்கு முன்பும், ஆடும்போதும், எழுந்து வந்த பிறகும் செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது லாஸ் வேகாஸின் கேசினோக்களில் நடக்கும் 1–3 டாலர் மேசையின் நோ லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தை. ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. சீட்டு போடும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகைதான் பிளைண்டு: சின்ன பிளைண்டு ஒரு டாலர், பெரிய பிளைண்டு மூன்று டாலர். வழக்கமாக 300 டாலர் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். சுற்றுலாவுக்கு வந்தவர்கள் மாலை நேரங்களில் நிறையவே இருப்பார்கள். அங்கே 21 வயது நிரம்பியவர்கள் மட்டுமே ஆடலாம். இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்திருக்கிறது. பணமில்லாமல் நண்பர்களோடு ஆடிப் பழகுபவர்களுக்கும் கீழே சொல்லும் கணக்குகள் மாறுவதில்லை.

முதல் படி: உட்காருவதற்கு முன்பே எண்களை மனத்தில் பதியுங்கள்

நம் எதிர்பார்ப்புக்கும் உண்மையான வாய்ப்புக்கும் உள்ள தூரம்தான் கோபமாக மாறுகிறது. இரண்டு ஏஸ் கையில் வந்தால் ஜெயித்தே தீருவோம் என்று புதியவர்கள் நம்புகிறார்கள். எதிரே ஏதோ ஒரு கையோடு ஒரே ஒருவர் இருந்தால், ஐந்து சீட்டும் இறங்கி முடிந்த பிறகு ஜோடி ஏஸ் வெல்லும் வாய்ப்பு 85 சதவீதம். அதே ஏஸ்களை எதிர்த்து நான்கு பேர் கடைசிவரை இருந்தால் அது சுமார் 56 சதவீதமாக இறங்கிவிடுகிறது. ஐந்து பேர் இருந்தால் பாதிக்கும் சற்றுக் குறைவு. எல்லோரும் பணம் கட்டி உள்ளே வரும் மேசையில் ஏஸ்கள் தோற்பது அன்றாட நிகழ்ச்சி என்பது இதிலிருந்தே தெரியும். ஆட்டத்தின் மிக மோசமான கை என்று பெயரெடுத்த, வேறு வேறு சின்னங்களில் அமைந்த ஏழும் இரண்டும்கூட, ஏஸ்-ராஜாவை ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை தோற்கடித்துவிடும்.

ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒரு முறைதான் கைக்கு வரும். கேசினோ மேசையில் மணிக்குச் சுமார் 30 ஆட்டங்கள் நடக்கும் என்று வைத்தால், ஏழு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்து பெற்ற கை அது. காத்திருந்த நேரத்தின் அளவுக்கு அது தோற்கும்போது வலி கூடுகிறது. ஆனால் நாம் எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பது கட்டில் இருக்கும் சீட்டுகளுக்குத் தெரியாது.

இன்னொரு கணக்கையும் ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள்; நான் சொல்லிக் கேட்பதைவிட அது ஆழமாகப் பதியும். ஒவ்வொரு முறையும் 80 சதவீதம் வெல்லும் நிலையில் இருந்து பத்து முறை முழுப் பணத்தையும் கட்டுகிறீர்கள். பத்தையும் வெல்லும் வாய்ப்பு 11 சதவீதம்கூட இல்லை. பத்தில் மூன்றோ அதற்கு மேலோ தோற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 32 சதவீதம். அதாவது, எல்லாவற்றையும் சரியாகச் செய்யும் மூவரில் ஒருவருக்கு அப்படிப்பட்ட பத்து ஆட்டங்கள் அமைந்தே தீரும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், உங்களுக்கு மட்டும் ஏதோ தனியாக அநியாயம் நடக்கிறது என்று பொருள் ஆகாது.

இரண்டாம் படி: தாங்கக்கூடிய பணத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்

நிதானத்தை மன உறுதியின் விஷயமாகவே பலர் பேசுகிறார்கள். என் கருத்தில் அதில் பெரும்பகுதி சட்டைப்பையின் விஷயம். வீட்டு வாடகைக்கு வைத்திருந்த 300 டாலரோடு உட்கார்ந்தவர் எந்த மூச்சுப் பயிற்சி செய்தாலும் நிதானமாக இருக்க முடியாது. இந்த ஆட்டத்துக்கென்று தனியாக ஒதுக்கிய தொகை, உட்காரும் தொகையைப் போல் குறைந்தது 20 மடங்காவது இருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆடியவர்கள் பின்பற்றும் வழக்கம். 300 டாலர் மேசைக்கு அது 6,000 டாலர். அவ்வளவு இல்லாதவர், ஆண்டுக்கு ஒரு முறை உல்லாசப் பயணத்தில் ஆடுபவராக இருந்தால், போனாலும் பரவாயில்லை என்று மனதார விட்டுக்கொடுக்கக்கூடிய தொகையை மட்டும் எடுத்துச் செல்லட்டும். கடன் வாங்கியோ, விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தோடோ மேசைக்குப் போகிறவருக்கு இந்தக் கட்டுரை உதவாது. அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நம்பகமான ஒருவரிடம் மனம்விட்டுப் பேச வேண்டும்.

ஓர் இரவில் எவ்வளவு இழந்தால் எழுந்துவிட வேண்டும் என்பதையும் அறையிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். இரண்டு முறை உட்காரும் தொகை என்பது புதியவர்களுக்குப் பொருத்தமான வரம்பு. அந்தப் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏடிஎம் அட்டையை அறையிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். கோபத்தில் இருக்கும்போது எடுக்கும் முடிவை, அமைதியாக இருக்கும்போதே தடுத்து வைப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: ஒரு தோல்வியைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்

இது நீளமாகப் பார்க்க வேண்டிய பகுதி. ஓர் ஆட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்துக்கொள்வோம். உங்கள் கையில் ஜோடி ஏஸ். நீங்கள் 15 டாலருக்கு ரெய்ஸ் செய்கிறீர்கள், அதாவது கட்டும் தொகையை உயர்த்துகிறீர்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர், வந்ததிலிருந்து எதையுமே ஃபோல்டு செய்யாதவர், ஹார்ட் எட்டும் ஏழும் வைத்துக்கொண்டு கால் செய்கிறார், அதாவது அதே தொகையைக் கட்டி உள்ளே வருகிறார். மற்றவர்கள் விலகிவிட, பிளைண்டுகளையும் சேர்த்து நடுவில் 34 டாலர். முதல் மூன்று பொதுச் சீட்டுகளான ஃப்ளாப்பில் ஸ்பேட் ராஜா, டைமண்ட் எட்டு, கிளாவர் நான்கு. நீங்கள் 25 கட்டுகிறீர்கள். எட்டு ஜோடி சேர்ந்துவிட்டதால் அவர் கூடவே வருகிறார். நடுவில் 84. நான்காம் சீட்டான டர்னில் ஸ்பேட் இரண்டு. நீங்கள் 60 கட்டுகிறீர்கள். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் அதையும் கால் செய்கிறார். நடுவில் 204 டாலர். கடைசிச் சீட்டான ரிவரில் டைமண்ட் ஏழு; அவருக்கு இரண்டு ஜோடி சேர்ந்துவிட்டது.

இப்போது ஒரு நொடி நிறுத்தி, டர்னில் அவர் 60 டாலரை நீட்டிய இடத்துக்குத் திரும்புங்கள். அந்த நேரத்தில் இருவர் கையும் மேசையில் உள்ள நான்கு சீட்டும் போக, 44 சீட்டுகள் மிச்சம். அவற்றில் அவரைக் காப்பாற்றக்கூடியவை இரண்டு எட்டும் மூன்று ஏழும், ஆக ஐந்து. இதே நிலைமை 44 முறை வந்து ஒவ்வொரு சீட்டும் ஒரு முறை விழுகிறது என்று வையுங்கள். அவர் 60 டாலர் வீதம் மொத்தம் 2,640 டாலர் கட்டுகிறார். ஐந்து முறை 204 டாலரை வென்று 1,020 டாலர் திரும்பப் பெறுகிறார். 1,620 டாலர் நஷ்டம். அந்த ஒரே ஒரு முடிவுக்காக அவர் ஒவ்வொரு முறையும் சராசரியாக ஏறத்தாழ 37 டாலர் கொடுக்கிறார், அதில் பெரும்பகுதி உங்களுக்கு வருகிறது. இன்றைக்கு விழுந்தது அந்த ஐந்தில் ஒன்று, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு ஆறுதலுக்காகச் சொல்லப்படுவதல்ல. ஆட்டத்தின் பொருளாதாரமே இதுதான். அவருக்கு அந்த ஐந்து சீட்டு ஒருபோதும் விழாமல் இருந்தால், சில நாட்களிலேயே அவர் 60 டாலரைக் கட்டுவதை நிறுத்திவிடுவார். அவ்வப்போது வெல்வதால்தான் மீண்டும் மீண்டும் வருகிறார். கடை நடத்துபவர் வாடகையைச் செலவாக எழுதிக்கொள்வதைப் போல, இந்தத் தோல்விகளை நீங்களும் செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.

ஆனால் இந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை. ரிவரில் ஏழு விழுந்ததும், இதுவரை கால் மட்டுமே செய்துகொண்டிருந்தவர் திடீரென்று 120 டாலரை நகர்த்துகிறார். உங்கள் நிதானம் உண்மையில் தேவைப்படுவது இங்கேதான். இத்தகைய ஆட்டக்காரர்கள் பிளஃப் செய்வது, அதாவது பலமில்லாத கையோடு பணம் கட்டி எதிராளியை விலகவைக்கப் பார்ப்பது, அரிது. செயலற்று இருந்தவர் கடைசியில் பெரிதாகக் கட்டினால், அவரிடம் ஒற்றை ஜோடியைவிடப் பலமான ஏதோ ஒன்று இருக்கிறது. 120 கட்டி 444 டாலரை எட்ட, உங்களுக்கு நான்கில் ஒன்றுக்கும் சற்று மேலான வெற்றி வாய்ப்பு தேவை. அது பெரும்பாலும் இருக்காது. 'இவரிடமா நான் ஏஸ்களை ஃபோல்டு செய்வது' என்ற உணர்வு மேலெழுந்தால் 120 டாலரும் போகும். சீட்டு செய்த நஷ்டம் ஏற்கெனவே நடந்துவிட்டது, அதைத் தடுத்திருக்க முடியாது. இந்த 120 டாலர் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

நான்காம் படி: துரதிர்ஷ்டம் எது, தவறு எது என்று பிரியுங்கள்

புதியவர்கள் துரதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்வதில் கணிசமான பகுதி துரதிர்ஷ்டமே அல்ல. நூறு டாலர் நடுவில் இருக்க, ஒரே சின்னத்தில் நான்கு சீட்டு வைத்துக்கொண்டு ஃப்ளஷுக்காக (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) காத்திருப்பவரிடம் 25 டாலர் மட்டும் கட்டினால், அவர் 150 டாலரை எட்ட 25 கட்டுகிறார். அவருக்குத் தேவை 16.7 சதவீத வாய்ப்பு, அடுத்த சீட்டில் ஃப்ளஷ் சேர அவருக்கு இருப்பதோ ஏறத்தாழ 20 சதவீதம். அப்போது அவர் கால் செய்தது சரி, நீங்கள் கட்டிய அளவுதான் தவறு. 50 டாலர் கட்டியிருந்தால் அவருக்கு 25 சதவீதம் தேவைப்பட்டிருக்கும். கால் செய்வது அவருக்கு நஷ்டமாகியிருக்கும்.

ஏஸ்களை வைத்துக்கொண்டு ரெய்ஸ் செய்யாமல், 'சிக்கட்டும்' என்று மூன்று டாலருக்கு ஆறு பேரை உள்ளே விடுவதும் அப்படியே. எதையும் ஃபோல்டு செய்யாதவரிடம் மூன்று முறை பிளஃப் செய்துவிட்டு, 'வெறும் நான்குகளின் ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு எப்படி கால் செய்தார்' என்று ஆத்திரப்படுவது எல்லாவற்றையும்விட மோசம். அவர் எப்போதும் செய்வதைத்தான் செய்தார். பலவீனமான ஆட்டக்காரரிடம் பிளஃபைக் குறைத்து, நல்ல கை வரும்போது பெரிதாகக் கட்டுங்கள். பாதி மனஉளைச்சல் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஐந்தாம் படி: அடிபட்ட அடுத்த நிமிடங்களைக் கடப்பது

டில்ட் முதலில் உடம்பில்தான் தெரியும். தாடை இறுகும், காது சூடாகும், சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கை சிப்ஸை (பணத்துக்குப் பதிலாகக் கட்டும் வில்லைகளை) நோக்கிப் போகும். மேசையில் எட்டு பேர் இருக்க, கண் ஒருவரை மட்டும் தேடும். ராஜா-ஐந்து போன்ற, ஒரு மணி நேரத்துக்கு முன்பு யோசிக்காமல் தூக்கிப் போட்டிருக்கக்கூடிய கை, திடீரென்று ஆடத் தகுந்ததாகத் தெரியும். உங்கள் உடம்பில் இவற்றில் எது முதலில் வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் அது வேறுபடும்.

அந்த அறிகுறி தெரிந்த உடனே எழுந்து நில்லுங்கள். சிப்ஸ் மேசையிலேயே இருக்கட்டும். சீட்டு போடும் டீலரிடம் சிறிது நேரத்தில் வருகிறேன் என்று சொன்னால் போதும். நீங்கள் இல்லாதபோது பிளைண்டு உங்கள் இருக்கையைக் கடந்தால், திரும்பி வந்ததும் அதைக் கட்ட வேண்டியிருக்கும் அல்லது பெரிய பிளைண்டு உங்களிடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதைத் தவிர எந்த இழப்பும் இல்லை. எப்படியும் பெரும்பாலான கைகளை நீங்கள் ஃபோல்டு செய்யத்தானே போகிறீர்கள். வெளியே போய் முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள், பத்து நிமிடம் நடங்கள். மதுவைத் தொடாதீர்கள். கேசினோவில் ஆடுபவர்களுக்கு மது இலவசமாகவே கிடைக்கும் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

திரும்பி வந்து உட்காருவதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இப்போதுதான் இந்த அறைக்குள் முதல் முறையாக நுழைந்திருந்தால், இந்த மேசையில், இந்தத் தொகையோடு உட்காருவேனா? ஆம் என்றால் உட்காருங்கள். 'அவரிடமிருந்து என் பணத்தைத் திரும்ப எடுக்க வேண்டும்' என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை என்றால், சிப்ஸை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

ஆறாம் படி: நாக்கை அடக்குங்கள்

தோற்ற பிறகு எதிராளிக்குப் பாடம் நடத்துவது மிகப் பெரிய தவறு. அவர் எந்த விதியையும் மீறவில்லை. விடுமுறையை அனுபவிக்க வந்திருக்கிறார், தன் பணத்தைத் தன் விருப்பப்படி செலவிடுகிறார். அவரை அவமானப்படுத்தினால் ஒன்று எழுந்து போய்விடுவார், அல்லது வெட்கப்பட்டுக் கவனமாக ஆடத் தொடங்குவார். இரண்டிலும் நஷ்டம் உங்களுக்கு. மேசையில் இருக்கும் மற்றவர்களுக்கும்.

பெரிய சாதனையாளர்கள்கூட இதில் தடுமாறியிருக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், ஏஸ்-ராஜாவோடு ரெய்ஸ் செய்த ஃபில் ஹெல்முத்தை, பத்து-நான்கு வைத்துக்கொண்டு கால் செய்த ஒருவர் வென்றபோது, ஹெல்முத் அவரைத் தொடர்ந்து திட்டியதால் ஒரு சுற்று விலகியிருக்கும்படி தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தத் தொடரில் அவரைவிட அதிகப் பட்டங்கள் வென்றவர் யாரும் இல்லை. புகழும் திறமையும் உள்ளவர்களுக்கு விலக்குக் கிடைக்கலாம். புதியவர் அதைப் பின்பற்றினால் மேசையில் தனிமைப்பட்டுவிடுவார். 'நன்றாக ஆடினீர்கள்' என்று ஒரு முறை சொல்லிவிட்டுச் சீட்டை டீலரிடம் தள்ளிவிடுங்கள். அதைச் சொல்ல மனம் வரவில்லை என்றால் பேசாமல் இருங்கள், அதுவே போதும்.

ஏழாம் படி: மறுநாள் எழுதிப் பாருங்கள்

அன்றிரவே வேண்டாம், தூங்கி எழுந்த பிறகு ஒரு குறிப்பேட்டில் பெரிய ஆட்டங்களை மட்டும் எழுதுங்கள். இருவர் கை, நடுவில் இருந்த தொகை, பெரும்பணம் உள்ளே போனபோது மேசையில் இருந்த சீட்டுகள். பிறகு வெற்றி வாய்ப்பைக் கணக்கிடும் இலவசச் செயலி ஒன்றில் போட்டுச் சதவீதத்தைப் பாருங்கள். யார் வென்றார்கள் என்பதைக் கடைசியில் எழுதுங்கள். முதலிலேயே எழுதினால் மனம் அதைச் சுற்றியே காரணம் தேடும்.

நீங்கள் பின்தங்கியிருந்து அதிர்ஷ்டத்தால் வென்ற ஆட்டங்களையும் அதே பக்கத்தில் கட்டாயம் எழுதுங்கள். நம் ராஜாக்கள் எதிராளியின் ஏஸ்களை வென்றால் அதைச் சாதாரண வெற்றியாக மறந்துவிடுகிறோம். அந்த மோதலில் ராஜாக்களுக்கு இருப்பது 18 சதவீதம் மட்டுமே என்று எழுதிப் பார்க்கும்போதுதான், அதிர்ஷ்டம் நம் பக்கமும் வந்து போயிருக்கிறது என்பது தெரியும்.

எவ்வளவு காலம் பொறுத்திருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு மதிப்பீடு சொல்கிறேன். நூறு ஆட்டங்களுக்கு ஐந்து பெரிய பிளைண்டு லாபம் ஈட்டும் திறமையுள்ள ஒருவரின் ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், நூறு ஆட்டங்களுக்குத் தொண்ணூறு பெரிய பிளைண்டு என்று வைத்துக்கொண்டால், 10,000 ஆட்டங்களுக்குப் பிறகும் அவர் நஷ்டத்தில் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 29 சதவீதம். கேசினோ வேகத்தில் அது முந்நூறு மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஆட்டம். ஆகவே ஒரு வாரத்து லாப நஷ்டத்தை வைத்து உங்கள் திறமையை எடை போடாதீர்கள். குறிப்பேட்டில் உள்ள முடிவுகள் சரியானவையா என்பதை மட்டும் பாருங்கள்.

எட்டாம் படி: அதே ஆட்டக்காரர் மீண்டும் வந்தால்

அடுத்த நாளும் அவர் அதே மேசையில் இருக்கலாம். அவரைத் தவிர்க்கவும் வேண்டாம், பழிவாங்கவும் வேண்டாம். அவருக்கு இடப்பக்க இருக்கை காலியானால் அங்கே மாறுங்கள். கடிகாரச் சுற்றில் ஆட்டம் நகர்வதால், பெரும்பாலான சுற்றுகளில் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்த பிறகே நீங்கள் முடிவெடுக்கலாம். அவர் மூன்று டாலர் கட்டி உள்ளே வரும்போது நல்ல கையோடு பெரிதாக ரெய்ஸ் செய்து, மற்றவர்களை விலக்கி, அவரோடு தனியாக ஆடும் வாய்ப்பும் அங்கிருந்துதான் அதிகம் கிடைக்கும். இருக்கை மாற விரும்புவதை டீலரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், இடம் காலியாகும்போது முதலில் உங்களைக் கேட்பார்கள்.